நிதி அமைச்சர்: சாவி வைத்திருப்பவர், சொந்தக்காரர் அல்ல

வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் நாளில் நமது கடைத்தெருவில் இரண்டு கேள்விகள்தாம் கேட்கும். முதலாவது, "எது கூடியிருக்கு, எது குறைஞ்சிருக்கு?" இரண்டாவது, "எங்கட ஊருக்கு என்ன ஒதுக்கியிருக்காங்க?" இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை நம்மில் அநேகர் கேட்பதில்லை. ஒதுக்கிய அந்தப் பணத்தைத் திறந்துவிடுபவர் யார், எப்போது திறப்பார், திறந்த பின் கணக்குக் கேட்பவர் யார் என்பதே அது.

வியாபாரிகளாகிய நமக்கு இது விளங்காத விடயமல்ல. கடையில் லாச்சிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை வைத்தே அந்தக் கடையின் நிலையைச் சொல்லிவிடுவோம். நாட்டின் லாச்சிச் சாவி நிதி அமைச்சரின் கையில் இருக்கிறது. அவருடைய வேலை என்ன, அதிகாரம் எதுவரை, அவர் தவறினால் அது நமது கடை வாசலுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

லாச்சிக்குச் சொந்தக்காரர் யார்?

நிதி அமைச்சர் தான் நினைத்தபடி பணம் கொடுக்கலாம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை, பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்கிறது. வரி விதிப்பதானாலும் சட்டத்தின் அதிகாரத்தோடுதான் விதிக்கலாம். 149 ஆம் உறுப்புரையின்படி, வேறு தேவைக்கெனச் சட்டம் ஒதுக்காத அரச வருமானம் எல்லாம் திரட்டு நிதியம் என்ற ஒரே பெட்டிக்குள் வந்து சேர வேண்டும். சுங்கத்தில் நாம் கட்டும் தீர்வையும், பில்லோடு சேர்த்துக் கட்டும் வற் வரியும் போய்ச் சேரும் பெட்டி அதுவே.

அந்தப் பெட்டியிலிருந்து பணம் எடுக்க வேண்டுமானால், 150 ஆம் உறுப்புரைப்படி நிதி அமைச்சர் கையொப்பமிட்ட ஆணைச்சீட்டு வேண்டும். ஆனால் பாராளுமன்றம் அங்கீகரித்த செலவுக்கு, அல்லது சட்டமே நேரடியாக அனுமதித்த செலவுக்கு மாத்திரமே அவர் கையொப்பமிடலாம். பாராளுமன்றத்தின் அனுமதி இல்லாவிட்டால் அமைச்சரின் கையொப்பத்துக்குப் பெறுமதி இல்லை. அமைச்சரின் கையொப்பம் இல்லாவிட்டால் பாராளுமன்றத்தின் அனுமதி கடதாசியோடு நின்றுவிடும். ஆக, சொந்தக்காரர் பொதுமக்கள். முதலாளி ஸ்தானத்தில் நிற்பது பாராளுமன்றம். நிதி அமைச்சர் சாவி வைத்திருக்கும் அமானிதக்காரர். நிலைமை இவ்வளவுதான்.

இது வெறும் ஏட்டுச் சட்டமல்ல என்பதற்கு 2018 ஒரு சாட்சி. அவ்வருடம் ஒக்டோபர் 26 இல் பிரதமர் பதவி தொடர்பாக நெருக்கடி எழுந்தது. நவம்பர் 29 அன்று பிரதமர் அலுவலகத்துக்கான செலவை நிறுத்தும் பிரேரணை 123 வாக்குகளால் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. எதிராக ஒரு வாக்கும் இல்லை. நாற்காலியில் யார் இருந்தாலும் பெட்டி யாருடையது என்பதை அன்று சபை எடுத்துக் காட்டியது. அந்த நெருக்கடியால் 2019 க்கான வரவு செலவுத் திட்டம் உரிய காலத்தில் வரவில்லை. ஆகவே டிசம்பரில் இடைக்கால கணக்கறிக்கை ஒன்றை நிறைவேற்றியே புது வருடத்தின் முதல் நான்கு மாதச் செலவுக்கு வழி செய்யப்பட்டது.

பணம் கடக்கும் ஐந்து படிகள்

ஒரு ரூபா அரச பணம் நமது ஊர் வீதிக்கு வந்து சேருமுன் ஐந்து படிகளைக் கடக்கிறது.

முதலாவது படி மதிப்பீடு. ஆண்டின் நடுப்பகுதியில் அடுத்த ஆண்டுக்கு என்ன தேவை என்று திறைசேரி ஒவ்வொரு அமைச்சிடமும் கேட்கிறது. எல்லோரும் கேட்பதைக் கூட்டினால் எந்த நாட்டுக்கும் கட்டாது. வெட்டுவதும் வரிசைப்படுத்துவதும் நிதி அமைச்சரின் பொறுப்பு.

இரண்டாவது படி அனுமதி. அமைச்சரவை ஏற்றுக்கொண்ட பின் ஒதுக்கீட்டுச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வருகிறது. நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் வரவு செலவுத் திட்ட உரை, அந்தச் சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பின் தொடக்கமே. அதன் பின் விவாதம், வாக்கெடுப்பு, ஒவ்வொரு அமைச்சின் செலவுத் தலைப்பையும் தனித்தனியே பார்க்கும் குழுநிலை, மூன்றாம் வாசிப்பு என்று செல்லும். அரசாங்கம் அந்த ஆண்டில் எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற உச்ச வரம்பும் இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இதை நம்மவர் பலர் கவனிப்பதில்லை.

மூன்றாவது படி விடுவிப்பு. அமைச்சர் ஆணைச்சீட்டில் கையொப்பமிட்டதும் முழுத் தொகையும் ஒரே நாளில் போய்விடாது. திறைசேரி கையிருப்பைப் பார்த்துப் பார்த்து, கட்டுநிதியாகப் பகுதி பகுதியாக விடும்.

நான்காவது படி செலவு. இங்கே அமைச்சர் கை வைப்பதில்லை. ஒவ்வொரு அமைச்சின் செயலாளரும் அதன் பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தர். கேள்விப்பத்திரம் கோருவது, வேலையைப் பார்வையிடுவது, பில்லுக்குக் காசோலை எழுதுவது எல்லாம் அதிகாரிகளின் பொறுப்பு.

ஐந்தாவது படி கணக்குக் கேட்பது. கணக்காய்வாளர் தலைமை அதிபதி கணக்குகளைப் பரிசோதித்துப் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கிறார். 1921 முதல் இயங்கும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, 1979 இல் தொடங்கிய அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு ஆகிய இரண்டும் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கின்றன. 'கோபா', 'கோப்' என்று பத்திரிகைகளில் நாம் வாசிப்பது இவற்றையே.

ஒதுக்கீடு வேறு, காசு வேறு

இந்த ஐந்தில் மூன்றாவது படியில்தான் நமது மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "எங்கட ஊருக்கு இவ்வளவு மில்லியன் ஒதுக்கியாச்சு" என்று மேடையில் சொன்னால் காசு வந்துவிட்டதாகவே நினைத்துவிடுகிறோம். ஒதுக்கீடு என்பது செலவழிக்க அனுமதி. அது காசு அல்ல. மொத்த வியாபாரி ஒருவர் நமக்கு ஐந்து இலட்சம் ரூபாவுக்குச் சரக்கு எடுக்கலாம் என்று கடன் வரம்பு தந்தால், அந்த ஐந்து இலட்சமும் நம் பையில் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

2025 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அவ்வாண்டு பெப்ரவரி 17 இல் சமர்ப்பிக்கப்பட்டது. அதில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு 100 மில்லியன் ரூபாவும், வடக்கின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபாவும், முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன் ரூபாவும் முன்மொழியப்பட்டன. 1981 இல் எரிக்கப்பட்ட நூலகத்துக்கு அரசின் உரையிலேயே ஓர் இடம் கிடைத்தது வரவேற்கத்தக்கது. ஆனால் வாசிக்கப்பட்ட அந்த வரி, திட்டமாகி, கேள்விப்பத்திரமாகி, வேலையாகி, பில்லாகிக் காசோலையாக மாறும்போதே அது பணமாகிறது.

இதற்கு ஒரு காலக்கெடுவும் உண்டு. ஓராண்டுக்கென அனுமதித்த பணம் டிசம்பர் 31 உடன் காலாவதியாகிவிடும். வருட இறுதியில் அலுவலகங்கள் அவசர அவசரமாகக் கொட்டேசன் கேட்பதன் காரணம் இதுவே. காணிப் பிரச்சினை தீராமலோ பயனாளிகள் பட்டியல் முடியாமலோ இழுபட்டால், ஊருக்கென வந்த ஒதுக்கீடு ஊரைப் பார்க்காமலேயே முடிந்துவிடும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பல வருடங்கள் புத்தளத்திலும் பிற ஊர்களிலும் வாழ்ந்து, சோனகத்தெருவுக்கும் அதன் அயலுக்கும் மீண்டு வந்த குடும்பங்களுக்கு இது சாதாரண விடயமல்ல. வீட்டுக்காகவும் மலசலகூடத்துக்காகவும் காத்திருப்பவர்களுக்கு ஒரு டிசம்பர் தவறினால் இன்னொரு வருடம் போய்விடும்.

அரசுக்குப் பொருள் கொடுக்கும் வியாபாரிக்கும் இது பொருந்தும். அரச அலுவலகம் ஒன்றுக்குக் கடனில் பொருள் கொடுத்து, பில்லுக்குக் காசு பெற மாதக்கணக்கில் நடந்த அனுபவம் எனக்கும் உண்டு. போகும் போதெல்லாம் ஒரே பதில்: "ஒதுக்கீடு இருக்குது, காசு இன்னும் விடேல்ல." அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையில் எனது பில் நின்றது. ஆனால் வங்கி எனக்கு வட்டி போடும்போது எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்பதில்லை.

'இல்லை' என்று சொல்லும் வேலை

மற்ற அமைச்சர்கள் எல்லோரும் 'தாருங்கள்' என்று கேட்பவர்கள். 'இல்லை' என்று சொல்ல வேண்டியவர் ஒருவரே. ஆகவே இது அரசியலில் பெயர் கெடும் பதவி. 1953 இல் நிதி அமைச்சராயிருந்த ஜே.ஆர். ஜெயவர்தன அரிசி மானியத்தை வெட்டினார். ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. ஆகஸ்ட் 12 இல் நாடு ஹர்த்தாலில் குதித்தது. அந்த அதிர்ச்சியோடு ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1962 இல் பங்கீட்டு அரிசியைக் குறைக்க முன்மொழிந்த பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க, தனது கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்ததால் நிதி அமைச்சைத் துறக்க நேர்ந்தது. ஏழையின் சோற்றில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பது இதில் ஒரு பாடம். அதற்குப் பின்வந்த பலர் 'இல்லை' என்று சொல்லவே பயந்தார்கள் என்பது மற்றப் பாடம்.

றொனி டி மெல் 1977 முதல் பதினொரு வரவு செலவுத் திட்டங்களைச் சமர்ப்பித்தார். அவர் 1988 இல் விலகியபின் புத்தளத்தைச் சேர்ந்த எம்.எச்.எம். நெய்னா மரிக்கார் அந்தப் பதவியை வகித்தார். நமது சமூகத்தவர் ஒருவர் நாட்டின் சாவியை வைத்திருந்தார் என்பது இளைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது.

பிற்காலத்தில் ஒரு புதிய வழக்கம் உருவானது. நாட்டின் தலைவரே நிதி அமைச்சையும் தன்னிடம் வைத்துக்கொள்வதே அது. 1994 முதல் 2001 வரை சந்திரிகா குமாரதுங்க, 2005 முதல் 2015 வரை மஹிந்த ராஜபக்ஷ, 2022 முதல் 2024 வரை ரணில் விக்கிரமசிங்க என்று கட்சி வேறுபாடின்றி இது நடந்தது. 2024 செப்டெம்பரில் பதவிக்கு வந்த ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் நிதிப் பொறுப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். இதில் ஒரு வசதி உண்டு. முடிவு விரைவாக வரும். ஆனால் செலவழிக்க ஆசைப்படுபவரும் 'இல்லை' என்று சொல்ல வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தால், தடுக்கும் கை எங்கே என்ற கேள்வி எழுகிறது. முதலாளியே கணக்குப்பிள்ளையாகவும் இருக்கும் கடையில் கணக்கைச் சரிபார்ப்பவர் வெளியிலிருந்துதான் வர வேண்டும். எனவே இப்படியான காலத்தில் கணக்காய்வும் பாராளுமன்றக் குழுக்களும் இருமடங்கு முக்கியமாகின்றன.

சாவி தவறினால் வரும் பில்

2019 டிசம்பரில் 15 வீதமாயிருந்த வற் வரி 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு பல வரிகளும் நீக்கப்பட்டன. அப்போது நிதி அமைச்சர் மஹிந்த ராஜபக்ஷ. 2021 ஜூலையில் அப்பதவிக்கு பசில் ராஜபக்ஷ வந்தார். வரி குறைந்தபோது நாம் மகிழ்ந்தது உண்மை. ஆனால் வரவு விழுந்தது, செலவு விழவில்லை. இடையில் கொவிட் நோயும் வந்தது. 2021 இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 8 வீதத்துக்கு இறங்கியது. வெளியில் கடன் கிடைக்கவில்லை. மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கி அரசுக்குப் பணம் கொடுத்தது. நாம் 'காசு அச்சடித்தல்' என்று சொல்வது இதைத்தான்.

விளைவை நமது கடன் கொப்பிகளே சொல்லும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சற்றுத் தாண்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். தடைக்காலத்தில் யாழ்ப்பாணம் கண்ட மண்ணெண்ணெய் வரிசையை நாடு முழுவதும் கண்டது. விற்ற விலைக்குத் திரும்பச் சரக்கு எடுக்க முடியாமல் முதலைச் சாப்பிட்ட சிறு கடைகள் எத்தனை!

2022 ஏப்ரல் 4 இல் நிதி அமைச்சராகப் பதவியேற்ற அலி சப்ரி மறுநாளே இராஜினாமாக் கடிதம் கொடுத்தார். எனினும் பொறுப்பில் தொடர்ந்தார். ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. மே தொடக்கத்தில் பாவிக்கக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று அவர் பாராளுமன்றத்தில் வெளிப்படையாகச் சொன்னார். லாச்சி வெறுமையாயிருக்கும் போது அதைத் திறந்து காட்டுவதும் சாவிக்காரரின் கடமையே. அது மூன்று வருடம் முந்தி நடந்திருக்க வேண்டும்.

2023 நவம்பர் 14 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, நிதி அமைச்சர்களாயிருந்த மஹிந்த ராஜபக்ஷ, பசில் ராஜபக்ஷ ஆகியோரும், முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்களும் திறைசேரிச் செயலாளர்களும் உட்பட்டோர் மக்கள் வைத்த பொது நம்பிக்கையை மீறினர் என்று பெரும்பான்மை நீதியரசர்கள் முடிவு செய்தனர். 'பொது நம்பிக்கை' என்று நீதிமன்றம் சொன்னதை நமது வழக்கில் அமானிதம் என்போம். அமானிதத்தில் தவறுவது நிர்வாகப் பிழை மட்டுமல்ல, மக்களின் உரிமை மீறல் என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமே கூறியிருக்கிறது.

பின்னர் போட்ட பூட்டுகள்

நெருக்கடியின் பின் சில புதிய பூட்டுகள் போடப்பட்டன. 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசின் செலவுக்கு மத்திய வங்கி நேரடியாகப் பணம் கொடுப்பதைத் தடுத்தது. 2024 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம், வட்டி தவிர்ந்த அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக்கூடாது என வரம்பிட்டது. நல்லது. ஆனால் பூட்டு மாத்திரம் போதாது. 2003 இலேயே வரவு செலவுப் பற்றாக்குறையை 2006 ஆம் ஆண்டுக்குள் 5 வீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. இலக்குத் தவறியது, தவறியவருக்கு எதுவும் நடக்கவில்லை. 'தாண்டக்கூடாது' என்று எழுதுவது இலகு, தாண்டினால் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

சாவிக்காரரின் கை எவ்வளவு கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மதிப்பிட்ட வருமானம் 4,990 பில்லியன் ரூபா, செலவு 7,190 பில்லியன். கடன் வட்டிக்கு மாத்திரம் 2,950 பில்லியன். கடைக்கணக்கில் சொன்னால், 100 ரூபா வரும் இடத்தில் 144 ரூபா செலவு. வந்த 100 இல் 59 வட்டிக்கே போகிறது. மிச்சம் 41 ரூபாவையும் புதுக்கடன் 44 ரூபாவையும் வைத்துக்கொண்டே சம்பளம், ஓய்வூதியம், மருந்து, பாடசாலை, வீதி எல்லாம் பார்க்க வேண்டும். இந்த நிலையில், எது தரலாம் என்று வாக்குறுதி கொடுப்பவரைவிட, எதை முதலில் விடுவிப்பது என்று நேர்மையாக வரிசைப்படுத்துபவரே நல்ல நிதி அமைச்சர்.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று, அடுத்த முறை ஒரு தொகை அறிவிக்கப்பட்டால் அது எந்த அமைச்சின் எந்தச் செலவுத் தலைப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். தலைப்பு இலக்கம் இல்லாத வாக்குறுதி பேரேட்டில் ஏறாத வியாபாரம்.

இரண்டு, கேட்க வேண்டிய இடத்தை அறிந்து கேளுங்கள். ஒதுக்கீடே இல்லையென்றால் பாராளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும். ஒதுக்கீடு இருந்தும் காசு வரவில்லையென்றால் உரிய அமைச்சிடமும் திறைசேரியிடமும் கேட்க வேண்டும். காசு வந்தும் வேலை நடக்கவில்லையென்றால் பிரதேச, மாவட்டச் செயலகங்களிலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒருவரையே திட்டுவதால் எந்தப் படியும் அசையாது.

மூன்று, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு செலவானது என்ற மூன்று கேள்விகளைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக சங்கங்களும் ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பரில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தால், டிசம்பருக்கு முன் நடவடிக்கை எடுக்கக் காலம் இருக்கும். ஜனவரியில் கேட்பது கந்தூரி முடிந்தபின் சகனைத் தேடுவது போன்றது.

நான்கு, அரச அலுவலகத்துக்குக் கடனில் பொருள் கொடுக்குமுன், எழுத்து மூலக் கட்டளையைப் பெறுங்கள். அந்த வேலைக்கு ஒதுக்கீடு மட்டுமா, கட்டுநிதியும் வந்துவிட்டதா என்று கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அது நமது முதல்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம், மதிப்பீட்டுப் புத்தகத்தில் ஒரு செலவுத் தலைப்பை எப்படி வாசிப்பது, மீண்டெழும் செலவையும் மூலதனச் செலவையும் எப்படிப் பிரித்தறிவது என்பதைப் பார்ப்போம். அதற்கிடையில் உங்கள் ஊரில் அறிவிக்கப்பட்டு இன்னும் தொடங்காத வேலை ஒன்றின் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதை வைத்தே பாடத்தைத் தொடரலாம்.